75 ஓம் எங்கே இருக்கிறது?

பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கருப்புக் கம்பிச் சுருள் கிடைத்தது. மொட்டை மாடியில் டிஷ் வைத்த பிறகு கழற்றிப் போட்ட கேபிள் டிவி வயர். மேலுறையில் மீட்டருக்கு ஒரு தரம் வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தது: ‘ஆர்.ஜி. 6, 75 ஓம்’. ஓம் என்பது மின்தடையின் அலகு என்று பள்ளியிலேயே படித்தாயிற்று. சும்மா இருக்காமல் மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன். நடுக்கம்பியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஏறக்குறைய ஓர் ஓம். அதைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னலில் அதைவிடக் குறைவு. நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையில் வைத்தால் மீட்டர் எண்ணே காட்டவில்லை. எங்கே தொட்டும் 75 வரவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. கம்பியைப் பாதியாக வெட்டினால் மின்தடையும் பாதியாக வேண்டும். ஆனால் இந்த வயரைப் பத்துத் துண்டாக்கினாலும் ஒவ்வொரு துண்டின் மேலும் அதே 75தான் எழுதியிருக்கும். நீளத்தைப் பற்றிக் கவலைப்படாத இந்த ஓம் என்ன ஓம்?

கேள்வி சும்மா வரவில்லை. உள்ளறையில் இருந்த பழைய டிவிடி பிளேயரின் பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துளை உண்டு. டிஜிட்டல் ஒலி வெளியே வருகிற வாசல். அதிலிருந்து கூடத்து ஆம்ப்ளிஃபையருக்கு வயர் இழுக்க வேண்டும். முதலில் கைக்குக் கிடைத்த அரை மீட்டர் சாதா ஆடியோ வயரைப் போட்டு, ஆம்ப்ளிஃபையரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாட்டு அருமையாக வந்தது. அதே ரக வயரை 15 மீட்டர் வாங்கிக் கூடம் வரை இழுத்தேன். பாட்டு வந்தது, நடுநடுவே ‘டப்’ என்று அறுந்தது. பின்களைப் பிரித்து மறுபடி ஈயம் வைத்தேன். அப்படியும் அறுந்தது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைப் பையன் தீர்ப்பே சொல்லிவிட்டான். “சாதா பின் போட்டா அப்டித்தாண்ணே. கோல்டு பின் எடுத்துக்கங்க. பேஸ் சும்மா தூக்கும்.”

தங்கப் பின்னை வாங்கினேன். பாட்டு தங்கமாக அறுந்தது.

தாளம் போடும் கம்பி

சாதா ஆடியோ வயரில் போவது குரலின் நகல். பாடகரின் குரல் நொடிக்கு 400 முறை அதிர்ந்தால் வயரின் மின்னழுத்தமும் நொடிக்கு 400 முறை ஏறி இறங்கும். நம் காதுக்கு எட்டும் உச்ச எல்லையான 20,000 அதிர்வுகளை எடுத்துக்கொண்டாலும், மின் அலை வயருக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், ஓர் அலையின் நீளம் 10 கிலோமீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு 15 மீட்டர் வயர் ஒரு புள்ளி. இந்த முனையில் என்ன நடக்கிறதோ அதுவே அந்த முனையிலும் நடக்கும். அங்கே வயர் என்பது வெறும் ‘சேர்ப்பு’, ஒட்டியிருந்தால் போதும்.

டிஜிட்டல் வயரில் குரல் போவதில்லை. குரலை அளந்த எண்கள் போகின்றன. டிவிடியில் ஒலியை நொடிக்கு 48,000 முறை அளக்கிறார்கள். வீட்டுக் கருவிகளுக்காக சோனியும் பிலிப்ஸும் வகுத்த ‘எஸ்பிடிஃப்’ முறையில், இடது வலது இரண்டுக்குமாக ஒவ்வோர் அளவீட்டுக்கும் 64 பிட் செலவாகிறது. ஆக நொடிக்கு 30,72,000 பிட்டுகள்.

இவற்றை அனுப்பும் விதம் தாளம் போடுவது போன்றது. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் கட்டாயம் ஒரு தட்டு. பிட் 0 என்றால் அவ்வளவே. 1 என்றால் எண்ணிக்கையின் நட்டநடுவே இன்னொரு தட்டு. தட்டு என்றால் மின்னழுத்தம் மேலிருந்து கீழோ, கீழிருந்து மேலோ சட்டென மாறுவது. எந்தத் திசையில் மாறுகிறது என்பது பொருட்டே இல்லை. மாறியதா என்பதுதான் கேள்வி. பாடுகிறவர் தொடையில் உள்ளங்கையால் தட்டினாலும் புறங்கையால் தட்டினாலும் காலக்கணக்கு ஒன்றுதானே! ஆவர்த்தனம் எங்கே தொடங்குகிறது என்று காட்ட, ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன்னால் வேண்டுமென்றே இரண்டு தட்டுகளை விழுங்கிவிடுவார்கள். விதி மீறப்பட்ட இடமே எடுப்பு.

இந்தத் தாளத்தில் மிக நெருக்கமான இரண்டு தட்டுகளுக்கு இடையே 163 நானோவினாடிதான். ஒரு நானோவினாடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் மின் அலை வயரில் 20 சென்டிமீட்டர் ஓடும். 163 நானோவினாடிக்கு ஏறக்குறைய 33 மீட்டர். என் வயரோ 15 மீட்டர். அதாவது இந்த முனையில் தட்டு விழுந்து 75 நானோவினாடி வரைக்கும் அந்த முனைக்குச் சேதி தெரியாது. 10 கிலோமீட்டர் அலைக்குப் புள்ளியாக இருந்த வயர், இங்கே பயண நேரம் கொண்ட ஒரு சாலையாகிவிட்டது. சாலையில் ஓடுவது திரும்பியும் வரும்.

ஜன்னலில் கட்டிய கயிறு

கொடிக்கயிறு ஒன்றின் முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை ஒரு உதறு உதறுங்கள். மாட்டுத் திமில் போல ஒரு மேடு கயிற்றோடு ஓடும். ஜன்னலை எட்டியதும் நின்றுவிடாது. தலைகீழாகப் புரண்டு உங்கள் கைக்கே திரும்பும். ஜன்னலுக்குப் பதில் மெல்லிய நூலில் கட்டிப் பாருங்கள். மேடு இப்போதும் திரும்பும், ஆனால் புரளாமல். கனமான கிணற்றுக் கயிற்றோடு முடிச்சுப் போட்டால், ஒரு பங்கு கிணற்றுக் கயிற்றுக்குள் நுழையும், ஒரு பங்கு திரும்பும். ஒரே கனமுள்ள இரண்டு கயிறுகளை முடிச்சு தெரியாமல் சேர்த்தால் எதுவும் திரும்பாது.

அலை திரும்புவதற்குக் காரணம் தடுப்பு மட்டுமில்லை. வழியின் குணம் மாறுவது. மின் வயருக்கும் அப்படி ஒரு குணம் உண்டு. தொழிலில் எல்லோரும் ‘இம்பிடன்ஸ்’ என்பார்கள். மின்தடையோடு குழம்பாமலிருக்க இந்தக் கட்டுரையில் ‘அலைத்தடை’ என்று வைத்துக்கொள்வோம். வயர் 75, அதை வாங்கும் பெட்டியின் வாசலும் 75 என்றால் அலை சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். வயர் 50, வாசல் 75 என்றால் ஐந்தில் ஒரு பங்கு திரும்பும். வயர் 75, வாசல் அதில் பாதி என்றால் மூன்றில் ஒரு பங்கு.

கடைசிக் கணக்கு பலர் வீட்டில் நடப்பது. டிஜிட்டல் வாசல் ஒன்று, கேட்க வேண்டிய பெட்டி இரண்டு என்று ‘ஒய்’ வடிவப் பின் ஒன்றை மாட்டி இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். இரண்டு 75 பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அலையின் கண்ணுக்கு அது 37½. சாதா ஆடியோவில் ஒத்துழைக்கிற அதே ‘ஒய்’ பின் இங்கே காலை வாரும்.

திரும்பிய எதிரொலி புறப்பட்ட இடத்தில் மோதி மறுபடி முன்னால் வரும். தாமதமாக, அடுத்தடுத்த தட்டுகளின் மேல் ஏறி உட்காரும். என் 15 மீட்டரில் எதிரொலி போய்வர 150 நானோவினாடி. தட்டுகளின் இடைவெளி 163. கிட்டத்தட்ட அடுத்த தட்டின் காலடியிலேயே வந்து விழுந்திருக்கிறது! அரை மீட்டரிலும் எதிரொலி உண்டு. ஆனால் அது 5 நானோவினாடியில் வந்துவிடும். மின்னழுத்தம் மேலிருந்து கீழே இறங்கவே அதைவிட அதிக நேரம் எடுக்கும். தட்டு விழுந்து முடிவதற்குள் அதன் எதிரொலியும் அதற்குள்ளேயே கரைந்துவிடுகிறது. ‘எந்த வயரைப் போட்டாலும் எனக்கு நன்றாகத்தான் வருகிறது’ என்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வயர் குட்டையாக இருக்கிறது.

எதிரொலி மேலே விழுந்தால் பேஸ் குறையுமா, குரல் கரகரக்குமா? இரண்டுமில்லை. தட்டு விழும் கணம் சற்று முன்பின் நகரும். தாளம் கொஞ்சம் ஆடினாலும் கேட்கிறவர் எண்ணிக்கையைத் தவறவிட மாட்டார்; எண்கள் ஒன்றுகூடப் பிசகாமல் போய்ச் சேரும். ஆட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால் எண்ணிக்கையே கலைந்து பாட்டு அறுந்துபோகும். நடுநிலை மிகக் குறைவு. ஒலியை நொடிக்கு 1,92,000 முறை அளக்கும் கோப்புகளில் தட்டு இடைவெளி 41 நானோவினாடிக்குச் சுருங்கிவிடும். அதனால்தான் நேற்றுவரை ஒழுங்காக இருந்த வயர் உயர்தரக் கோப்பைப் போட்டதும் தடுமாறுகிறது.

மீட்டர் ஏன் கைவிரித்தது

அலை வயருக்குள் நுழையும்போது மறுமுனையில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எதிரில் இருக்கும் துண்டு வயர்தான் தெரியும். அந்தத் துண்டில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே இருக்கும் வெளியை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் நிரப்பி, பிறகு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். பாத்தி பாத்தியாக நீர் கட்டுவது மாதிரி. பாத்தி அகலமா குறுகலா என்பதைப் பொறுத்து, இத்தனை வோல்ட்டுக்கு இத்தனை மின்னோட்டம் தேவை என்று ஒரு விகிதம் அமைகிறது. ஒரு வோல்ட்டுக்கு 75-இல் ஒரு பங்கு ஆம்பியர் என்றால் அது 75 ஓம் வயர். இது ஒவ்வொரு பாத்தியின் குணம். வயல் எவ்வளவு நீளம் என்பதற்கு இதில் இடமில்லை.

மல்டிமீட்டரும் முதல் கணத்தில் இந்த 75-ஐச் சந்திக்கத்தான் செய்கிறது. ஆனால் 10 மீட்டர் வயரில் அலை போய் மோதித் திரும்ப 100 நானோவினாடிதான். மீட்டர் ஒரு எண்ணைத் தீர்மானிப்பதற்குள் எதிரொலிகள் லட்சக்கணக்கான தடவை போய்வந்து அடங்கிவிடும். அது காட்டுவது அடங்கிய பிறகான கதை. மீட்டர் ஒரு முழு நொடி 75 என்று காட்ட வேண்டுமானால், இழப்பே இல்லாத வயர் 1 லட்சம் கிலோமீட்டர் வேண்டும். பூமியை இரண்டரைச் சுற்று சுற்றலாம்.

நிஜமாகவே நீளமான ஒரு கம்பிதான் இந்தப் பாடத்தைக் கற்பித்தது. 1858-இல் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே அட்லாண்டிக் கடலடியில் முதல் தந்திக் கம்பி போட்டார்கள். விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்துச் செய்தி போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் ஆனது. கம்பியை வெறும் ‘சேர்ப்பு’ என்று நினைத்த, அதன் மின் வேலைகளுக்குப் பொறுப்பாக இருந்த ஒயிட்ஹவுஸ், இன்னும் பலமாகத் தள்ளினால் வேகமாகப் போகும் என்று ஆயிரக்கணக்கில் வோல்ட் கொடுத்தார். சில வாரங்களில் கம்பி செத்தது. உள்ளே செம்பு, வெளியே கடல் நீர், நடுவே காப்பு. அந்தக் காப்பு நெடுகிலும் மின்னூட்டம் நிரம்பி வடிய வேண்டும் என்று இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் அதற்கு முன்பே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்.

கணக்கை முழுமையாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. 1850-இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் வந்த காய்ச்சலால் காது மந்தம். கல்லூரிப் படிப்பு கிடையாது. தந்தி அலுவலக வேலையை 24 வயதில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு கம்பியை இன்னொரு குழாய்க் கம்பிக்குள் நடுவாக வைக்கும் ‘கோஆக்சியல்’ அமைப்புக்கு 1880-இல் காப்புரிமை பெற்றார். இம்பிடன்ஸ் என்ற சொல்லை 1886-இல் உருவாக்கியதும் அவரே. ஒலிப்பதிவுக் கூடங்களில் இன்று ஓடும் வயர்களின் சூத்திரத்தை எழுதியவருக்குக் காது சரியாகக் கேட்காது.

புள்ளியும் வட்டமும்

இப்போது பரணில் கிடந்த வயரைக் கூர்மையான பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்ப்போம். நடுவில் ஒரு புள்ளி: 1 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நுரை பாலிஎத்திலீன், 4½ மில்லிமீட்டர் வட்டம். அதற்கு மேல் உலோகப் படலமும் பின்னலும். வட்டம் புள்ளியைப் போல 4½ மடங்கு. 75 ஓம் என்பது இந்த 4½தான்.

நடுவில் வெறும் காற்று என்றால் 3½ மடங்கு போதும். நுரையில்லாத கெட்டிப் பாலிஎத்திலீன் என்றால் 6½ மடங்கு வேண்டும். கெட்டிப் பாலிஎத்திலீன் அடைத்த மெல்லிய ஆர்.ஜி. 59 வயரைப் பாருங்கள்: புள்ளி 0.58 மில்லிமீட்டர், வட்டம் 3.7. வகுத்தால் ஏறக்குறைய அதே விகிதம். கம்பி செம்பா வெள்ளியா, மேலே தங்க முலாமா என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. உள்ளே வருவது மூன்று: உள் விட்டம், வெளி விட்டம், நடுவே என்ன அடைத்திருக்கிறது. புள்ளி நடுவைவிட்டு விலகினாலோ வட்டம் நசுங்கினாலோ அந்த இடத்தில் அலைத்தடை குறையும். கதவிடுக்கில் வயர் நசுங்கும்போது செம்பு அறுந்துபோவதில்லை. மீட்டர் வைத்தால் எல்லாம் சரி என்றே காட்டும். இடைவெளிதான் கெட்டிருக்கும்.

எதிரொலியைப் பார்ப்பது

இதெல்லாம் கணக்கு, கண்ணால் பார்த்தவர் உண்டா? 1890 வாக்கில் ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் லெச்சர் இரண்டு கம்பிகளை இணையாக நீட்டி, ஒரு முனையில் தீப்பொறியால் மின் அலை எழுப்பினார். மறுமுனையில் வாயு அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு கம்பிகளையும் இணைக்கும் ஒரு குறுக்குத் துண்டை மெல்ல நகர்த்திக்கொண்டே போனபோது, சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் குழாய் ஒளிர்ந்தது. போகிற அலையும் திரும்புகிற அலையும் மோதி, கம்பி மேலேயே மேடும் பள்ளமுமாக நின்றுவிட்டன. மீட்டர் கோலால் அளக்கக்கூடிய எதிரொலி.

நம் தலைமுறை இதைத் தூர்தர்ஷனில் பார்த்திருக்கிறது. செய்தி வாசிப்பவரின் வலப்பக்கம் வெளிறிய இன்னொரு செய்தி வாசிப்பவர் நிற்பார். மலையிலோ கட்டடத்திலோ மோதித் தாமதமாக வந்த அலை அது. படத்தின் ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோவினாடி ஆகும். அரை மீட்டர் அகலத் திரையில் ஒரு சென்டிமீட்டர் விலகிய நிழல் என்றால் தாமதம் ஒரு மைக்ரோவினாடி. காற்றில் 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது. நிழலே அளவுகோல். தெருக் கேபிளில், யாரும் மாட்டாத முனையில் விவரமான ஆபரேட்டர் ஒரு சின்ன மூடியைத் திருகிவிட்டுப் போவதும் இதற்காகத்தான். அந்த மூடிக்குள் இருப்பது நிஜமான 75 ஓம் மின்தடை. அலையைத் திருப்பி அனுப்பாமல் குடித்துவிடும்.

இன்று இதற்கென்றே கருவி உண்டு. வயருக்குள் ஒரு கூர்மையான தட்டை அனுப்பி, எது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று திரையில் வரையும். தொலைத்தொடர்பு வேலையில் இருக்கும் நண்பர் என் வயரை அதில் மாட்டிக் காட்டினார். 75-இல் நேர்கோடாக ஓட வேண்டிய கோடு, சாதா ஆடியோ வயரில் நுழைந்ததும் படியிறங்கியது. கதவிடுக்கில் நான் நசுக்கிவைத்திருந்த இடத்தில் ஒரு பள்ளம். “பின் எங்கேடா?” என்று கேட்டேன். தொடக்கத்தில் ஒரு சின்னக் குழிவைக் காட்டினார். தங்கப் பின் அவ்வளவுதான்.

எந்தப் பின்?

ஆரஞ்சுத் துளைக்குப் பொருந்தும் ஆர்.சி.ஏ. பின், ரேடியோப் பெட்டியோடு கிராமபோனை இணைக்க அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் கொண்டுவந்தது. அலைத்தடை பற்றிய கவலை அந்த வேலைக்கு வேண்டியிருக்கவில்லை. நடு ஊசி 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். சுற்று வளையம் 8 மில்லிமீட்டர் அளவு. விகிதம் 2½தான். நடுவில் வெறும் காற்று இருந்தாலே 3½ வேண்டும் என்று பார்த்தோம். ஆக, ‘75 ஓம் ஆர்.சி.ஏ.’ என்று அட்டையில் எழுதலாம். துளையின் அளவு மாறாதவரை அதை முழுதாக நிறைவேற்றுவது கடினம்.

ஆனாலும் பயப்பட வேண்டாம். பின்னின் நீளம் 2 சென்டிமீட்டர். அலை அதைக் கடக்க 0.1 நானோவினாடி. தட்டு ஒன்று விழவே பல நானோவினாடி ஆகும்போது, இந்தக் குழி அதன் காலுக்குத் தட்டுப்படாது. வயர் 15 மீட்டர் தவறாக இருந்ததுதான் என் நோய். நான் மருந்து போட்டது 2 சென்டிமீட்டருக்கு. தங்க முலாமுக்குப் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். சென்னை உப்புக் காற்றில் பின் களிம்பேறாமல் காக்கும். பேஸைத் தூக்காது.

சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று தலை கொண்ட பழைய வீடியோ வயர் வீட்டில் இருந்தால் மஞ்சளை எடுங்கள். வீடியோவுக்கும் 75 ஓம் மரபுதான் என்பதால், ஒழுங்காகச் செய்த மஞ்சள் வயர் உள்ளே கோஆக்சியலாக இருக்கும்.

தேர்வு நம் கையில் இருந்தால் பி.என்.சி. பின் நல்லது. சிசிடிவி கேமரா வயரின் முனையில் அழுத்திக் கால் திருப்பு திருப்பினால் பூட்டிக்கொள்ளும் அதே பின்தான். பால் நீல், கார்ல் கான்செல்மன் என்ற இரண்டு பொறியாளர்களின் முதலெழுத்துகள் அதன் பெயரில் இருக்கின்றன. வயரின் வட்டம் பின்னுக்குள்ளும் வட்டமாகவே தொடரும். 50, 75 என இரண்டு ரகம், ஒன்றில் ஒன்று பொருந்தவும் செய்யும். டிஜிட்டல் ஒலியின் வேகத்துக்கு அவை கலந்துபோனாலும் கேடில்லை. உயர்தர வீடியோவுக்குக் கலக்கக் கூடாது.

ஈயம் வைக்கும்போது

வயரின் வட்டத்தைக் கலைக்கும் இடம் பின் ஒன்றுதான். அதைக் கூடிய மட்டும் குறைவாகக் கலைப்பதே கைவேலை. சிசிடிவிக்குப் போடும், செம்புப் பின்னல் உள்ள ஆர்.ஜி. 59 வாங்கினேன். கேபிள் டிவி ரகத்தில் பின்னல் பெரும்பாலும் அலுமினியம். சாதாரண ஈயம் அதில் ஒட்டாது, உருண்டு ஓடும். அதற்கு அழுத்திப் பொருத்தும் பின்தான் வழி.

மேலுறையை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் சீவினேன். பின்னலைப் பின்னால் மடித்தேன். முன்பெல்லாம் அதைக் குதிரைவால் மாதிரி முறுக்கி இரண்டு சென்டிமீட்டர் விட்டு ஒட்டுவேன். பின்னல் வட்டத்தைவிட்டு விலகிய அந்த நீளத்தில் அலைத்தடை தாறுமாறாகும், வெளி இரைச்சலும் நுழையும். பின்னின் வாலில் இருக்கும் கவ்வியை மடித்த பின்னலின் மேலேயே சுற்றி நெரித்துவிட்டால் வட்டம் வட்டமாக இருக்கும். கவ்வியையும் வெறி பிடித்தாற்போல் நசுக்கக் கூடாது. உள்ளே இருப்பது வெறும் பாலிஎத்திலீன்.

சூடு அடுத்த எதிரி. சால்டரிங் முனை 350 டிகிரியில் இருக்கும். பாலிஎத்திலீன் 130 டிகிரிக்குள்ளேயே இளகும். முனையை அழுத்தி வைத்துக்கொண்டே யோசித்தால் அது இளகி, நடுக்கம்பி ஒரு பக்கம் சாயும். கம்பி முனையிலும் பின்னின் குழியிலும் தனித்தனியாக முதலில் ஈயம் பூசிக்கொண்டு, சேர்க்கும்போது இரண்டு விநாடியில் எடுத்துவிட வேண்டும்.

முடித்து மாட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. இங்கேதான் மல்டிமீட்டருக்கு வேலை வந்தது. நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே ‘பீப்’ என்றது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், மடித்த பின்னலிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழை நழுவி ஊசியைத் தொட்டுக்கொண்டிருந்தது. குண்டூசியால் தள்ளினேன். கூடத்தில் பாட்டு தொடங்கியது, இன்றுவரை அறுபடவில்லை.

மைக் வயரில் ஓடும் எண்கள்

ஒலிப்பதிவுக் கூடங்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே 1985-இல் வந்த ஏ.இ.எஸ். 3 என்ற தரம் நடக்கிறது. எண்களை அடுக்கும் முறை நம் ஆரஞ்சுத் துளையின் முறைதான், சாலை வேறு. முறுக்கிய இரண்டு கம்பி, அலைத்தடை 110 ஓம், மின்னழுத்தம் 2 முதல் 7 வோல்ட். நம் வீட்டுத் துளையில் அரை வோல்ட்தான். பின், எல்லோருக்கும் பழகிய மைக் பின்னே: மூன்று ஊசி கொண்ட எக்ஸ்.எல்.ஆர்.; அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரால் ‘கேனன்’ என்பவர்களும் உண்டு. ஒன்றாம் ஊசிக்குப் பின்னல், இரண்டுக்கும் மூன்றுக்கும் முறுக்கிய ஜோடி. இந்தக் கம்பி ஒரு வோல்ட் ஏறும்போது அந்தக் கம்பி ஒரு வோல்ட் இறங்கும். வழியில் ஒட்டும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டுவதால், வித்தியாசத்தை மட்டும் பார்க்கும் பெட்டிக்கு இரைச்சல் தெரியாது.

மைக் வேலையில் இரண்டையும் மூன்றையும் மாற்றி ஒட்டினால் ஒலி தலைகீழாகும், திட்டு விழும். இங்கே மாற்றி ஒட்டினாலும் பாட்டு சரியாகவே வரும். தட்டின் திசை பொருட்டில்லை என்று பார்த்தோமே, அந்த ஏற்பாட்டின் பலன் இது. மன்னிக்கப்படாதது வேறு: பின்னுக்குள் நுழையுமுன் ஜோடியின் முறுக்கைத் தாராளமாகப் பிரித்துவிடுவது. இங்கே வட்டத்தின் வேலையைச் செய்வது முறுக்குதான். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்காமல் ஒட்ட வேண்டும்.

பழகிய பின் என்பது வசதி, அதுவே வலையும்கூட. மூலையில் கிடக்கும் மைக் வயரும் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும்! மைக் வயரின் அலைத்தடையை யாரும் கவனித்துச் செய்வதில்லை. பெரும்பாலும் 110-ஐவிடக் குறைவு. பாதி, 55 என்று வையுங்கள்: ஒவ்வொரு முனையிலும் மூன்றில் ஒரு பங்கு திரும்பும், இரண்டு முனையிலும் மோதி மீண்டும் முன்னால் வருவது ஒன்பதில் ஒரு பங்கு. 2 மீட்டருக்கு ஓடும். 40 மீட்டருக்கு நம்ப முடியாது. தரத்தை வகுத்தவர்களே பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். முதல் பதிப்பில், ஒரு வயரில் பல பெட்டிகளை மாட்ட வசதியாக, வாங்கும் வாசலை 250 ஓம் என்று வைத்திருந்தார்கள். 1992 பதிப்பில் அதைக் கைவிட்டு, ஒரு வயருக்கு ஒரே வாசல், அதுவும் 110 என்று மாற்றினார்கள்.

எதிரொலியே வேண்டாம் என்பவருக்கு ஒளி இருக்கிறது. தோஷிபா 1983-இல் கொண்டுவந்த டாஸ்லிங்க், ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இழையில் சிவப்பு ஒளியாக அதே தாளத்தைப் போடும். இரண்டு பெட்டிகளுக்கும் மின் தொடர்பே இல்லாததால் எர்த் வழியாக வரும் ‘ம்ம்ம்’ இரைச்சலுக்கு நல்ல மருந்து. ஆனால் இழை ஒளியைத் தின்னும். சில மீட்டருக்குத்தான் ஏற்றது, கூர்மையாக மடிக்கவும் கூடாது.

போன வாரம் நண்பருக்காக மறுபடி ரிச்சி தெருவுக்குப் போனேன். அதே பையன். “கோல்டு பின்னாண்ணே?” என்றான்.

“பின் எதுவானாலும் சரி தம்பி. வயர் முனையைக் கொஞ்சம் நேரா வெட்டிக் காட்டு.”

விநோதமாகப் பார்த்தபடி கட்டரால் நறுக்கி நீட்டினான். வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளை வட்டத்தின் நட்டநடுவே செம்புப் புள்ளி. பக்கத்தில் தொங்கிய மலிவு ரகத்தையும் வெட்டச் சொன்னேன். அதில் புள்ளி ஓரமாக ஒதுங்கியிருந்தது.

“ரெண்டும் செம்புதாண்ணே,” என்றான் பையன்.

செம்பு இல்லாத இடத்தைக் காட்டினேன். “75 ஓம் இந்த வெள்ளையில இருக்கு.”

அவன் இரண்டு துண்டையும் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.